ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் அதிகாரம் கொடுப்பது எப்படி?

கேள்வி: ஆய்வகப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி ஒன்றின் கணினித் துறை ஆய்வகத்தில் உள்ள சர்வரை நான் கவனித்து வருகிறேன். டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குகிறது. துறையின் வலைத்தளத்துக்காக என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவை நிரலும், மாணவர்கள் நிரல் எழுதிப் பழகுவதற்காக ஏறத்தாழ 200 பயனர் கணக்குகளும் அதில் இருக்கின்றன. இதுவரை ரூட் (எதையும் செய்யவல்ல தலைமைக் கணக்கு) கடவுச்சொல் என்னிடமும் வேறு நான்கு பேரிடமும் இருந்து வந்தது. நான் இல்லாத நேரத்தில் வேலை நின்றுவிடக்கூடாது என்பதற்காக நானே கொடுத்ததுதான்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தபோது, மாணவர்களின் அடைவுகள் அனைத்தும் ஒரே பயனரின் பெயருக்கு மாறியிருந்தன. ஓர் அடைவின் உரிமையாளரை மாற்ற நினைத்த ஒருவர், ஒரு படி மேலே நின்றுகொண்டு அந்தக் கட்டளையைக் கொடுத்திருக்கிறார். அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. யார் என்று கண்டுபிடித்துக் கண்டிக்க வேண்டும் என்பது என் எண்ணமன்று. என்ன செய்ய முயன்றீர்கள் என்று உரியவரிடம் கேட்டிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். ஆனால் பதிவுகளில் 'ரூட்' என்ற பெயரைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஐந்து பேரும் ஒரே பெயரில் உள்ளே வந்தால் வேறு என்ன இருக்கும்?

ஆகவே இப்போது, கட்டளைகளை ரூட்டாக ஓட்ட அனுமதிக்கும் சூடோ என்ற நிரல் வழியாக அளவான அதிகாரம் கொடுக்க விரும்புகிறேன். தேவைகள் மூன்றுதான். மாலை நேரத்தில் உதவும் இரண்டு மாணவத் தன்னார்வலர்கள் என்ஜின்எக்ஸை மறுதொடக்கம் செய்யவும் அதன் பதிவுக் கோப்புகளைப் படிக்கவும் வேண்டும். ஆசிரியர் ஒருவர் என்ஜின்எக்ஸின் தள அமைப்புக் கோப்பு ஒன்றைத் திருத்த வேண்டும். ஆய்வக உதவியாளர், கடவுச்சொல்லை மறந்துவிட்ட மாணவர்களுக்குப் புதிய கடவுச்சொல் அமைத்துத் தர வேண்டும்.

இதற்காக இடிசி அடைவில் உள்ள சூடோயர்ஸ்.டி என்ற உள்ளடைவில், 'ஆய்வகம்.கான்ஃப்' என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி மூன்று விதிகள் எழுதினேன். தன்னார்வலர்களுக்கு, சேவைகளைத் தொடங்கவும் நிறுத்தவும் உதவும் சிஸ்டம்சிடிஎல் கட்டளை. ஆசிரியருக்கு அந்த ஒரு கோப்பை விம் என்ற எடிட்டர் கொண்டு திறக்கும் கட்டளை. உதவியாளருக்குப் பாஸ்வேர்டு மாற்றும் கட்டளை, ஆனால் அதில் 'ரூட்' என்ற பெயரை மட்டும் ஆச்சரியக்குறி போட்டு விலக்கியிருக்கிறேன். இவர்களில் யார் முயன்றாலும், சூடோயர்ஸ் கோப்பில் உங்கள் பெயர் இல்லை என்றே பதில் வருகிறது. எழுத்துப்பிழை எதுவும் எனக்குத் தென்படவில்லை. எங்கே தவறு? விதிகள் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்த்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: மூங்கில்காடு

வணக்கம் ஐயா. முதல் கேள்விக்கு விடை எளிது. அந்த அடைவில் உள்ள கோப்புகளில், பெயரில் புள்ளி உள்ளவற்றையும், டில்டே (~) குறியில் முடிகின்றவற்றையும் சூடோ படிப்பதே இல்லை. எடிட்டர்கள் விட்டுச்செல்லும் காப்புநகல்களும், தொகுப்பு மேலாளர் விட்டுச்செல்லும் பழைய கோப்புகளும் தவறுதலாக விதிகளாகிவிடக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. எந்த எச்சரிக்கையும் வராது என்பதால் பலர் இதில் மணிக்கணக்காகச் சிக்கிக்கொள்கிறார்கள். 'கான்ஃப்' என்ற வாலையும் அதற்கு முன்னுள்ள புள்ளியையும் எடுத்துவிட்டால் கோப்பு உடனே செயல்படத் தொடங்கிவிடும்.

ஆனால் இப்போதே எடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விதிகளுமே, பெயரளவில் ஒரு வேலைக்கு என்றிருந்தாலும், முழு ரூட் அதிகாரத்தையும் கொடுக்கின்றன. அந்தக் கோப்பு படிக்கப்படாமல் கிடந்ததை நல்லதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

விம்மிலிருந்து தொடங்குகிறேன். விம்முக்குள் இருந்துகொண்டு முக்காற்புள்ளி, ஆச்சரியக்குறி, அதன்பின் ஷெல்லின் பெயர் என்று தட்டினால், எந்தக் கட்டளையையும் தட்டி ஓட்டக்கூடிய ஒரு ஷெல் திறக்கும். விம் ரூட்டாக ஓடுகிறது என்பதால் அந்த ஷெல்லும் ரூட்டாகவே ஓடும். அதற்குப்பின் அங்கே நடப்பது எதுவும் சூடோவின் பதிவில் வராது; இன்னார் இன்ன கோப்பை விம்மில் திறந்தார் என்ற ஒரு வரி மட்டுமே இருக்கும். உங்கள் திங்கட்கிழமைச் சிக்கல் அப்படியே திரும்பி வந்துவிடும். நோஎக்ஸெக் என்ற குறியைச் சேர்த்தால் பிற நிரல்களைத் தொடங்குவதைத் தடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் விம்முக்குள்ளேயே வேறு கோப்பைத் திறந்து திருத்திச் சேமிப்பதை அது தடுக்காது. கடவுச்சொற்கள் இருக்கும் ஷேடோ கோப்பையே திறந்து ஒரு வரியை மாற்றிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

கோப்புத் திருத்தத்துக்கென்றே சூடோஎடிட் இருக்கிறது. அது கோப்பின் நகல் ஒன்றைத் தற்காலிக இடத்தில் வைத்து, பயனரின் சொந்த அதிகாரத்தில் எடிட்டரைத் திறந்து, அவர் சேமித்து வெளியேறிய பின் திருத்தப்பட்ட நகலை மூலக் கோப்பின் இடத்தில் எழுதும். எடிட்டர் ஒருபோதும் ரூட்டாக ஓடுவதில்லை. விதி எழுதும்போது 'சூடோஎடிட்' என்ற சொல்லுக்கு முன் அடைவுப் பாதை எதுவும் எழுதக்கூடாது. திருத்தவேண்டிய கோப்புக்குத்தான் முழுப் பாதை வேண்டும். எடிட்டரைக் குறிக்கும் சூழல் மாறியில் கூடுதல் கோப்புப் பெயரை நுழைத்து வேறு கோப்புகளைத் திறக்கும் ஓட்டை ஒன்று இதில் இருந்தது. அது 2023 ஜனவரியில் 1.9.12பி2 பதிப்பில் அடைக்கப்பட்டது. டெபியன் 12-இல் இருப்பது அதற்குப் பிந்தைய 1.9.13 என்பதால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்து சிஸ்டம்சிடிஎல். கட்டளையின் பெயரை மட்டும் எழுதி, அதன்பின் வரவேண்டிய சொற்களை எழுதாமல் விட்டால், எந்தச் சொல்லையும் சேர்த்து ஓட்டலாம் என்றுதான் சூடோ பொருள்கொள்ளும். அப்படியானால் ஒரு தன்னார்வலர் தன் சொந்த அடைவில் ஒரு சேவைக் கோப்பை எழுதி, சிஸ்டம்சிடிஎல்லின் 'லிங்க்' துணைக்கட்டளையால் அதைக் கணினியோடு இணைத்து, உடனே தொடங்கிவிடலாம். அந்தச் சேவை ரூட்டாக ஓடும். 'எடிட்' என்ற துணைக்கட்டளையோ ரூட் அதிகாரத்திலேயே எடிட்டரைத் திறந்துவிடும். ஆகவே விதியில் சிஸ்டம்சிடிஎல்லின் முழுப் பாதை, ஒரே ஒரு துணைக்கட்டளை, ஒரே ஒரு சேவையின் பெயர் ஆகிய மூன்றும் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நிலையைப் பார்க்கும் 'ஸ்டேட்டஸ்' துணைக்கட்டளையைச் சேர்க்கவேண்டாம். அதற்கு ரூட் அதிகாரமே தேவையில்லை. சாதாரணப் பயனரே பார்க்கலாம். பழைய கணினிகளில் அதைச் சூடோவோடு கொடுத்ததால் நேர்ந்த தீங்கும் உண்டு. விடை நீளமாக இருந்தால் அது, பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' என்ற நிரல் வழியாகத் திறக்கும். லெஸ்ஸுக்குள் ஆச்சரியக்குறி தட்டினால் ரூட் ஷெல் கிடைத்துவிடும். சிஸ்டம்சிடிஎல் அடங்கிய சிஸ்டம்டி தொகுப்பின் 247-ஆம் பதிப்பிலிருந்து இதற்குத் தடுப்பு வந்துவிட்டது.

மூன்றாவது, கடவுச்சொல் மாற்றும் விதி. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 'பாஸ்வேர்டு ரூட்' என்ற வடிவத்தை நீங்கள் விலக்கியிருக்கிறீர்கள். ஆனால் பெயரே கொடுக்காமல் அந்தக் கட்டளையை ரூட் அதிகாரத்தில் ஓட்டினால், அது ரூட்டின் கடவுச்சொல்லைத்தான் கேட்டு மாற்றும். பெயருக்கு முன் ஏதாவது ஒரு விருப்பக் குறியைச் சேர்த்தாலும் உங்கள் விலக்கோடு பொருந்தாமல் போய்விடும். இவை இரண்டையும் அடைத்தாலும் இன்னொரு வழி திறந்தே கிடக்கிறது: உங்கள் கணக்கு சூடோ குழுவில் இருக்கிறதல்லவா? உதவியாளர் உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, உங்கள் பெயரில் நுழைந்து, எல்லாவற்றையும் செய்யலாம். அவர் செய்வார் என்று சொல்லவில்லை. அவருடைய கணக்கு வேறு யார் கையிலாவது சிக்கினால் சிக்கியவர் செய்வார்.

ஆச்சரியக்குறி போட்டு விலக்கும் முறையையே கைவிட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டுச் சிலவற்றை மட்டும் விலக்குவது பயன் தராது என்று சூடோவின் கையேடே சொல்கிறது. ஷெல்லை விலக்கினால், ஷெல்லின் நகலை வேறு பெயரில் வைத்து ஓட்டுவார்கள். அனுமதிப்பதை மட்டும் எழுதுங்கள்.

உதவியாளரின் வேலைக்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதுவதே முறை. அது ஒரே ஒரு பெயரை மட்டும் ஏற்க வேண்டும். அந்தப் பெயரில் சிறிய ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் தவிர வேறு எதுவும் இருந்தால் மறுக்க வேண்டும். அந்தப் பயனரின் முதன்மைக் குழு மாணவர் குழுதானா என்றும், சூடோ குழுவில் அவர் இல்லை என்றும் பார்க்க வேண்டும். அதன்பின் மட்டுமே கடவுச்சொல் மாற்றும் கட்டளையை அழைக்க வேண்டும். ஸ்கிரிப்டின் உரிமையாளர் ரூட்டாக இருக்க வேண்டும், வேறு யாரும் அதில் எழுத முடியக்கூடாது. ஸ்கிரிப்ட் இருக்கும் அடைவும் அதற்கு மேலுள்ள அடைவுகளும் அப்படியே இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோப்பில் எழுத முடியாவிட்டாலும் அடைவில் எழுத முடிந்தால், அந்தக் கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைத்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கோப்புகளை விசூடோ வழியாக மட்டுமே திருத்துங்கள். சேமிக்கும் முன் அது இலக்கணத்தைச் சரிபார்க்கும். திருத்தும்போது வேறொரு முனையத்தில் ரூட்டாக நுழைந்த ஷெல் ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள். புதிய விதி வேலை செய்கிறது என்று பார்த்த பின்னரே அதை மூடுங்கள்.

மறுமொழி: பழைய யூனிக்ஸ்காரர்

மேலே நண்பர் எழுதியவை அனைத்தும் சரி. ஆயினும், சூடோ விதியை எப்படி எழுதுவது என்று யோசிக்கும் முன், இந்த வேலைக்கு ரூட் அதிகாரம் தேவைதானா என்று ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பதிவுக் கோப்புகளைப் படிப்பதற்குத் தேவையே இல்லை. டெபியனில் என்ஜின்எக்ஸின் பதிவுகளைப் படிக்க, 'அட்மின்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளைப் பெயராகக் கொண்ட குழுவில் சேர்த்தாலே போதும். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர் கணினியின் பிற பதிவுகளையும், யார் எப்போது நுழைந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கலாம். மாணவர்களுக்கு அது வேண்டாம் என்று நீங்கள் கருதினால், என்ஜின்எக்ஸின் பதிவு அடைவுக்கு மட்டும் அணுகல் பட்டியல் (யாருக்கு என்ன உரிமை என்று தனித்தனியே குறிக்கும் பட்டியல்) அமைத்து, தன்னார்வலர் குழுவுக்குப் படிக்கும் உரிமை கொடுங்கள். அடைவுக்கு இயல்புநிலைப் பட்டியலையும் சேர்த்து அமைத்தால், பதிவுகள் சுழற்சியில் புதிதாக உருவாகும்போதும் உரிமை தொடரும்.

இனி ஆசிரியரின் கோப்பு. இதில் சூடோஎடிட்டும் உங்களைக் காப்பாற்றாது. என்ஜின்எக்ஸின் தலைமைச் செயல்முறை ரூட்டாக ஓடுகிறது; பதிவுக் கோப்புகளைத் திறப்பது அதுதான். தள அமைப்புக் கோப்பில், பதிவு எந்தக் கோப்பில் எழுதப்பட வேண்டும் என்றும், ஒவ்வொரு வரியும் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்றும் எழுதலாம். பதிவுக் கோப்பாக, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானின் அடைவில் ஒரு கோப்பையும், வரியின் வடிவமாக ஒரு கிரான் கட்டளையையும் எழுதிவைத்தால், அடுத்த முறை யாராவது அந்தத் தளத்தைத் திறந்தவுடன் ரூட்டின் பெயரில் ஓடப்போகும் ஒரு வரி அங்கே பதிவாகிவிடும். ஒரே ஒரு கோப்பைத் திருத்தும் உரிமைதான், ஓர் எடிட்டர்கூட ரூட்டாக ஓடவில்லை. ஆயினும் முழு அதிகாரமும் போய்விடுகிறது. ரூட்டாக ஓடும் ஒரு நிரலின் அமைப்புக் கோப்பை எழுதுகிறவர், அந்த நிரலுக்குக் கட்டளையிடுகிறவர்தான்.

ஆகவே அந்த ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: அந்தக் கோப்பில் அவர் உண்மையில் எதை மாற்றுகிறார், ஆண்டுக்கு எத்தனை முறை மாற்றுகிறார்? பெரும்பாலும் ஒரு வழிமாற்று முகவரியாகவோ அறிவிப்புப் பக்கத்தின் இடமாகவோ இருக்கும். அப்படியானால் அந்தப் பக்கங்கள் இருக்கும் அடைவை ஒரு குழுவுக்கு உரிமையாக்கி அவரை அதில் சேர்த்துவிடுங்கள். அமைப்புக் கோப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுதொடக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். அமைப்புக் கோப்பில் பிழை இருக்கும்போது 'ரீஸ்டார்ட்' கொடுத்தால், ஓடிக்கொண்டிருந்த சேவை நின்றுவிடும், மீண்டும் எழாது. 'ரீலோட்' கொடுத்தால், பிழையைக் கண்டதும் என்ஜின்எக்ஸ் பழைய அமைப்பிலேயே தொடர்ந்து ஓடும். சிஸ்டம்சிடிஎல்லில் 'ரீலோட்-ஆர்-ரீஸ்டார்ட்' என்ற துணைக்கட்டளை இருக்கிறது. சேவை ஓடிக்கொண்டிருந்தால் அமைப்பை மறுபடி படிக்கச்செய்யும். ஓடாமல் நின்றிருந்தால் தொடங்கும். மாலை நேரத்தில் மாணவர் கையில் கொடுக்க இதுவே ஏற்றது.

நீங்கள் கேட்காவிட்டாலும், சூடோவுக்கு மாற்றான டூஆஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூடோ 1980 வாக்கில் பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காக்‌ஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவரால் எழுதப்பட்டது. நாற்பது ஆண்டுகளில் அது மிகப் பெரிதாக வளர்ந்துவிட்டது. 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ஓட்டை, 2011 ஜூலை முதல் அதற்குள் இருந்திருக்கிறது. சூடோயர்ஸ் கோப்பில் பெயரே இல்லாத சாதாரணப் பயனரும் அதன் வழியாக ரூட் ஆக முடிந்தது. டூஆஸ், ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காக டெட் உனான்ஸ்ட் எழுதியது. 2015 அக்டோபரில் வந்த 5.8 பதிப்பில் முதலில் இடம்பெற்றது. அதன் அமைப்புக் கோப்பில் ஒரு விதிக்கு ஒரு வரிதான்: யாருக்கு, யாராக, எந்தக் கட்டளை, அதன்பின் எந்தெந்தச் சொற்கள். எதனோடும் பொருந்தும் உடுக்குறி (*) கிடையாது, எழுதியது எழுதியபடி பொருந்தினால் மட்டுமே அனுமதி. உங்களுக்கு வேண்டியிருப்பவை இரண்டே விதிகள் என்பதால் அதுவும் போதும். டெபியனில் ஓப்பன்டூஆஸ் என்ற பெயரில் கிடைக்கும்.

மறுமொழி: கற்றுக்கொள்பவள்

மன்னிக்கவும், இந்த இழையில் எனக்கும் ஒரு ஐயம். நான் வேலை செய்யும் இடத்தில் சூடோ விதிகளே எழுதவில்லை. நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்த சூழல்களில் ஓட்டும் டாக்கரின் குழுவில் எல்லோரையும் சேர்த்துவிட்டோம். வேலைகள் அனைத்தும் கன்டெய்னர்களில் நடப்பதால் யாருக்கும் ரூட் தேவைப்படவில்லை. இது பாதுகாப்பான வழிதானே? இன்னொரு இயந்திரத்தில், பதிவுகளைப் படிக்க மட்டும், கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளைக்கு அனுமதி கொடுத்து, பதிவு அடைவின் பாதையை எழுதி இறுதியில் உடுக்குறி போட்டிருக்கிறோம். அந்த அடைவைத் தாண்டி அவர்கள் போக முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி: மூங்கில்காடு

இரண்டுமே பாதுகாப்பானவை அல்ல, சகோதரி.

டாக்கர் குழுவில் இருப்பவர் புதிய கன்டெய்னர் ஒன்றைத் தொடங்கும்போது, கணினியின் வேர் அடைவை முழுவதுமாக அதற்குள் இணைத்துக்கொள்ளலாம். கன்டெய்னருக்குள் அவர் ரூட்; ஆகவே வெளியே இருக்கும் கோப்புகள் அனைத்தையும் ரூட்டாகவே படிக்கலாம், எழுதலாம். டாக்கரின் ஆவணங்களே அந்தக் குழு ரூட்டுக்கு இணையான அதிகாரம் தருவது என்று எச்சரிக்கின்றன. சூடோவிலாவது யார் ஓட்டினார்கள் என்ற பதிவு இருக்கும்; இதில் அதுவும் இல்லை.

உடுக்குறியைப் பற்றி: கட்டளைப் பெயரின் பாதையில் போடும் உடுக்குறி, சாய்கோட்டைத் தாண்டாது. ஆனால் கட்டளைக்குப் பின் வரும் சொற்களில் போடும் உடுக்குறி எதையும் தாண்டும், இடைவெளியையும் சேர்த்து. அந்தச் சொற்கள் அனைத்தையும் ஒரே நீண்ட சரமாகச் சேர்த்துத்தான் சூடோ ஒப்பிடுகிறது. ஆகவே உங்கள் பயனர் பதிவு அடைவிலுள்ள ஒரு கோப்பின் பெயரை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஷேடோ கோப்பின் பாதையை எழுதினால், இரண்டும் திரையில் வரும். அடைவின் பாதைக்குப் பின் இரட்டைப் புள்ளிகளைப் போட்டு மேலேறியும் வரலாம். இப்போதே உங்கள் இயந்திரத்தில் சோதித்துப் பாருங்கள். 1.9.10 பதிப்பு முதல் உடுக்குறிக்குப் பதிலாகச் சுருங்குறித் தொடர்களை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) எழுதலாம். ஆனால் படிக்கும் உரிமைக்கு, மேலே பெரியவர் சொன்ன அணுகல் பட்டியலே எளிது.

மறுமொழி: ஆய்வகப் பொறுப்பாளர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை முழுவதும் இதிலேயே இருந்தேன்.

மூங்கில்காடு சொன்னதை நம்பாமல் அல்ல, கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக, ஒரு சோதனை இயந்திரத்தில் என் பழைய மூன்று விதிகளையும் வைத்துப் பார்த்தேன். விம் வழியாக ரூட் ஷெல் கிடைக்க எனக்கு ஐந்து விநாடிகூட ஆகவில்லை. பெயர் கொடுக்காமல் பாஸ்வேர்டு கட்டளையை ஓட்டியபோது, ரூட்டின் புதிய கடவுச்சொல்லைத் தட்டுங்கள் என்று அது அமைதியாகக் கேட்டது. அதைப் பார்த்தபோது உண்மையிலேயே கை நடுங்கியது.

ஆசிரியரிடம் பேசினேன். தேர்வு அட்டவணைப் பக்கத்தின் முகவரியைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்றுவதற்காகத்தான் அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார். இப்போது அந்தப் பக்கங்களின் அடைவு ஒரு குழுவுக்கு உரியது. அவர் அதில் உறுப்பினர். அவருக்குச் சூடோ விதியே இல்லை. பதிவுகளுக்கு அணுகல் பட்டியல் அமைத்துவிட்டேன். மிஞ்சியவை இரண்டு விதிகள்: தன்னார்வலர் குழுவுக்கு என்ஜின்எக்ஸின் ரீலோட்-ஆர்-ரீஸ்டார்ட், உதவியாளருக்கு அந்த ஸ்கிரிப்ட். டூஆஸை இப்போதைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. சூடோ எனக்குப் பழகியது, பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தானாக நிறுவும்படி வைத்திருக்கிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் தெளிவில்லை. தன்னார்வலர்கள், ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கிறது, கேட்காமல் செய்ய முடியாதா என்கிறார்கள். கடவுச்சொல் கேட்காமல் விடும் நோபாஸ்வேர்டு குறியைச் சேர்க்கலாமா?

மறுமொழி: பழைய யூனிக்ஸ்காரர்

அந்த ஒரு விதிக்கு மட்டும் என்றால் சேர்க்கலாம். பெரிய தீங்கு இல்லை. ஒரு வலைச் சேவையை மறுபடி படிக்கச்செய்வதைத் தவிர அதனால் எதுவும் நடக்காது. உதவியாளரின் விதிக்குச் சேர்க்கவேண்டாம். அவர் கணினியைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போகும் வேளையில், அங்கு வந்து அமரும் ஒருவர் எந்த மாணவரின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட முடியும். டெபியனில் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் அந்த முனையத்தில் 15 நிமிடம் மீண்டும் கேட்காது; உதவியாளருக்கு அந்தக் காலத்தைச் சுழியமாக்கி, ஒவ்வொரு முறையும் கேட்கும்படி அமைப்பது இன்னும் நல்லது.

சேர்க்கும்போது வரிசையைக் கவனியுங்கள். ஒருவருக்குப் பல விதிகள் பொருந்தினால் கடைசியாக வருவதே செல்லும். அந்த அடைவில் உள்ள கோப்புகள் அகரவரிசையில் படிக்கப்படுகின்றன, எண் வரிசையில் அல்ல. '1' என்று தொடங்கி அடிக்கோடு இட்ட கோப்பு, '10' என்று தொடங்கி அடிக்கோடு இட்ட கோப்புக்குப் பின்னால்தான் வரும். முன்சுழியம் சேர்த்துப் பெயரிட்டால் குழப்பமில்லை. எழுதி முடித்ததும் அந்தப் பயனராக நுழைந்து, சூடோவுக்குப் பின் ஹைபனும் எல் எழுத்தும் தட்டுங்கள். அவருக்கு என்னென்ன உரிமை உண்டு என்ற பட்டியல் வரும். நீங்கள் எழுதியதாக நினைப்பதைவிட, கணினி புரிந்துகொண்டது எது என்பதே கணக்கு.

இன்னும் ஒன்றை நீங்கள் குறிப்பிடவே இல்லை என்பதால் கேட்கிறேன். அந்த நால்வரிடமும் இருக்கும் பழைய ரூட் கடவுச்சொல்லை மாற்றிவிட்டீர்களா? தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக ரூட்டாக நேரே நுழைவதற்கான சாவிகள், ரூட்டின் அடைவில் இன்னும் இருக்கின்றனவா?

மறுமொழி: ஆய்வகப் பொறுப்பாளர்

இல்லை, மாற்றவில்லை. உங்கள் கேள்வியைப் படித்த பிறகுதான் போய்ப் பார்த்தேன். சாவிக் கோப்பில் ஆறு வரிகள் இருந்தன. அவற்றில் ஒன்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேறு கல்லூரிக்குப் போய்விட்ட ஒருவருடையது. இன்னொன்று யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. ஆறையும் நீக்கிவிட்டு, எஸ்எஸ்எச் வழியாக ரூட் நுழைவதை முற்றாக நிறுத்திவிட்டேன். ரூட் கணக்கையே பூட்டிவிடலாம் என்று முதலில் எண்ணினேன். ஆனால் கணினி எழாமல் மீட்பு நிலைக்குப் போகும்போது டெபியன் ரூட் கடவுச்சொல்லைத்தான் கேட்கும் என்பதால் அவ்வாறு செய்யவில்லை. புதிய கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மேலே தேதியும் கையெழுத்தும் இட்டுத் துறைத்தலைவரின் இரும்பு அலமாரியில் வைத்தாயிற்று.

இன்று மாலை 6 மணியளவில் தன்னார்வலர் ஒருவர் என்ஜின்எக்ஸை மறுபடி படிக்கச்செய்தார். சற்று நேரம் கழித்துக் கணினியின் பதிவேடான ஜர்னலில் தேடிப் பார்த்தேன். அவருடைய பெயர், அவர் அமர்ந்திருந்த முனையம், அப்போது அவர் நின்ற அடைவு, அவர் ஓட்டிய கட்டளை ஆகிய நான்கும் ஒரே வரியில் இருந்தன.